நடைபாதையில் யாருக்கு வழி? – வாசகர் கேள்வி, ஓவர்சியர் பதில்

போன இதழில் மழைநீர் வடிகால் பற்றிய பதிலில், "வடிகால் மேல் போட்ட ஸ்லாப்தானே நம் ஊரில் நடைபாதை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வடிகாலை எல்லோரும் விட்டுவிட்டீர்கள், நடைபாதையைப் பிடித்துக்கொண்டீர்கள். வந்த கடிதங்களில் பாதி ஸ்கூட்டர்காரர்களைத் திட்டி. மீதியில் பல ஸ்கூட்டர்காரர்களே எழுதியவை. டெல்டா நகராட்சிகளில் ஓவர்சியராகக் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெயர்களை வெளியிடவில்லை. ஒரே தெருவில் இருப்பவர்கள் எதிரெதிராக எழுதியிருக்கிறீர்கள்!

கும்பகோணத்தில் பெரிய கடைத்தெருப் பக்கம் காய்கறிப் பையோடு நடைபாதையில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஹாரன். திரும்பினால் ஸ்கூட்டரில் ஒரு பையன், "பாட்டி, ஓரமா போங்க" என்கிறான். ஒதுங்க வேண்டியது நானா, அவனா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

அவன்தான், டீச்சர். ஒதுங்குவது என்ன, அவன் அங்கே இருக்கவே கூடாது. நடைபாதையோ சைக்கிள் பாதையோ உள்ள சாலையில், சீருடையில் இருக்கும் காவலர் அனுமதித்தால் ஒழிய, மோட்டார் வாகனத்தை அதன் மேல் ஓட்டக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டு சாலை விதிகளிலேயே இருக்கிறது. 2017-இல் அந்த விதிகளுக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. அந்த மாதிரி ஒழுங்குமுறைகளை மீறினால் 500 ரூபாய்க்குக் குறையாமல் 1,000 ரூபாய் வரை அபராதம் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது.

இதற்கு மேலே உச்ச நீதிமன்றமும் பேசிவிட்டது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கு அது. விபத்தில் கை கால் உடைந்து வருபவர்களை நாளெல்லாம் பார்ப்பவர் போட்ட வழக்கு. அதில் 2025 மே 14 அன்று, தடையில்லாத நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கியது என்று நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும், ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே அடுத்த முறை அந்தப் பையன் வந்தால், 21-ஆவது பிரிவைப் பற்றி ஒரு வகுப்பே எடுக்கலாம்.

சரி, சட்டம் உங்கள் பக்கம். முழங்கால் யார் பக்கம்? ஹாரன் கேட்டதும் பக்கவாட்டில் குதிக்காதீர்கள். ஒரு பக்கம் உடைந்த ஸ்லாப், மறுபக்கம் ரோடு. நான் பார்த்த வரையில் வயதானவர்கள் வண்டி இடித்து விழுவதைவிட, வண்டிக்கு வழி விடப் போய் விழுவதுதான் அதிகம். அப்படியே நின்றுவிடுங்கள். நிற்கிற ஆளைப் பெரும்பாலும் யாரும் இடிப்பதில்லை, பிரேக் போடுவான். முணுமுணுப்பான், அது போகட்டும்.

நான் சிவில் படிக்கும் மாணவன். தஞ்சாவூரில் புதிதாக நடைபாதை போட்டாலும் மறுவாரமே பைக் ஏறிவிடுகிறதே? இரும்புத் தூண்கள் நட்டால் சரியாகிவிடாதா?
– தஞ்சாவூர்

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். முதலில் அளவுகள். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 103-ஆம் எண் வழிகாட்டி, 2012 பதிப்பு, உங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கும். நடப்பதற்குத் தடையின்றி 1.8 மீட்டர் அகலம், தலைக்கு மேலே 2.2 மீட்டர் உயரம், ரோட்டிலிருந்து ஏறும் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அதாவது அரை அடி. மாடிப்படி ஒன்றின் உயரம்.

நம் ஊரில் இந்த விளிம்பு எவ்வளவு உயரம் இருக்கிறது? ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கீழவாசல் பக்கம் போய்வாருங்கள். ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி என்று கிடைக்கும். ஏன் அப்படி? ரோட்டில் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போடுவார்கள், ரோடு ஏறிக்கொண்டே போகும், வடிகால் தாழ்ந்துவிடும் என்று பயந்து, வடிகாலை முன்கூட்டியே தூக்கிக் கட்டுவது துறையில் வழக்கம். அதன் தலைமேல் ஸ்லாப் போட்டு நடைபாதை என்று பெயர் வைத்தாகிவிட்டது. மூட்டுவலிக்காரர் அதில் ஏற முடியாது. ரோட்டிலேயே நடப்பார்.

அப்புறம் கடைக்காரர் வருவார். தன் பைக்கையும் சரக்கு வண்டியையும் உள்ளே ஏற்ற வேண்டும் என்று வாசலில் ஒரு சிமென்ட் சரிவு போடுவார். பக்கத்துக் கடைக்காரர் சும்மா இருப்பாரா? இருபது கடைக்கு இருபது சரிவு. நடக்கிறவருக்கு ஏற வழியில்லாத மேடைக்கு ஸ்கூட்டர் ஏற மட்டும் இருபது இடத்தில் வழி. இதில் பையன்களை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

இப்போது தூணுக்கு வருவோம். சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 90 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். சாதாரண ஸ்கூட்டரின் அகலம் கைப்பிடி முனையிலிருந்து முனைக்குச் சுமார் 70 செ.மீ. கணக்குப் புரிகிறதா? சக்கர நாற்காலி போகும் இடைவெளியில் ஸ்கூட்டரும் போகும். ஸ்கூட்டரைத் தடுக்கும் இடைவெளி சக்கர நாற்காலியையும் தடுக்கும். தூண் நட்டால் காரும் ஆட்டோவும் ஏறாது, அது லாபம்தான். இருசக்கர வண்டிக்கு அது வெறும் வேகத்தடை.

அதனால் நீங்கள் வடிவமைக்கும் காலத்தில் இரண்டு காரியம் செய்யுங்கள். கடை வாசல்தோறும் நடைபாதையை வெட்டி இறக்காதீர்கள். பாதை ஒரே மட்டமாக ஓடட்டும், உள்ளே போகும் வண்டிதான் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். சரிவு வைக்கும் இடத்தில் ஓர் அடி ஏற 12 அடி நீளம் விடுங்கள், செங்குத்தாக வைத்தால் சக்கர நாற்காலிக்கு உதவாது. இரண்டாவது, ரோட்டோரத்தில் இருசக்கர வண்டி நிறுத்தக் கோடு போட்டு இடம் ஒதுக்குங்கள். மேலே ஏறும் வண்டிகளில் பாதி ஓட்டுவதற்காக ஏறவில்லை, நிறுத்த இடமில்லாமல் ஏறுகிறது. மீதிப் பாதிக்கு, பள்ளி விடும் நேரத்தில் முனையில் ஒரு காவலர் நின்றாலே போதும்.

என் மகள் எட்டாம் வகுப்பு. மெயின் ரோட்டில் பஸ்கள் உரசிக்கொண்டு போவதால் நடைபாதையில் சைக்கிள் ஓட்டச் சொன்னேன். மணிக்கூண்டுப் பக்கம் ஒருவர் அவளை நிறுத்தித் திட்டி அனுப்பியிருக்கிறார். நான் சொன்னது தப்பா?
– மயிலாடுதுறை

பஸ்ஸுக்குக் கீழே போவதைவிட நடைபாதை மேல் என்று ஒரு தாய் நினைப்பதில் தப்பில்லை, அம்மா. உலகத்திலேயே இதற்கு ஒரே பதில் கிடையாது. இங்கிலாந்தில் 1835-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு இன்றுவரை நடைபாதையில் சைக்கிள் கூடாது என்கிறார்கள். ஜெர்மனியில் 8 வயது நிறையாத பிள்ளைகளை நடைபாதையில் ஓட்டச் சொல்வதே விதிதான், 10 வயது வரை விரும்பினால் ஓட்டலாம். ஜப்பானில் 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 70 வயதைத் தொட்டவர்களுக்கும் அனுமதி உண்டு, மெதுவாகத்தான் போக வேண்டும், நடப்பவருக்கு இடைஞ்சல் என்றால் நின்றுவிட வேண்டும். நம் நாட்டில் மிதிவண்டிக்கும் நடப்பவருக்கும் விதி வகுக்கும் அதிகாரத்தை 2019 திருத்தம் மாநில அரசுகளுக்குக் கொடுத்திருக்கிறது.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். நடைபாதையில் சைக்கிள் விருந்தாளி. நடக்கிறவர் வேகம்தான் அதன் வேகம். முதுகுக்குப் பின்னால் மணி அடிக்க வேண்டாம், "கொஞ்சம் வழி விடுங்க மாமா" என்று வாயால் கேட்டால் எந்த மாமாவும் திட்டமாட்டார். கடை வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். பூட்டிய வீட்டுச் சுவரோரம் ஓட்டலாம், ஆள் படியிறங்கும் கடையோரம் கூடாது. பட்டமங்கலத் தெரு மாதிரிக் கூட்டமான இடத்தில் இறங்கித் தள்ளுவதே மேல்.

இன்னும் மூன்று வருடத்தில், அவள் படிப்பது அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ என்றால், பதினொன்றாம் வகுப்பில் அரசாங்க சைக்கிள் வரும். டெல்டா முழுக்க அந்தச் சைக்கிள்கள்தான். பிள்ளைகளுக்கு சைக்கிளைக் கொடுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அதை ஓட்ட ஐந்தடிப் பாதை ஒன்றை ரோட்டோரம் ஒதுக்க மட்டும் ஏனோ கை வரவில்லை.

டெலிவரி வேலை பார்க்கிறேன். என் மின்சார ஸ்கூட்டர் 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது. லைசென்ஸ், நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம். அப்படியென்றால் அது சைக்கிள் கணக்குதானே? நடைபாதையில் போனால் என்ன?
– தஞ்சாவூர்

250 வாட்டுக்குக் குறைந்த சக்தி, 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம் என்றால் அது மோட்டார் வாகனம் ஆகாது என்று மத்திய விதிகள் சொல்வது உண்மை. விற்றவர் அதைச் சொல்லித்தான் விற்றிருப்பார். ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்பதும் நடைபாதை திறந்திருக்கிறது என்பதும் ஒன்றா?

25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏழு மீட்டர் போவீர்கள். மருந்துக்கடைப் படியிலிருந்து ஒருவர் கீழே பார்த்துக்கொண்டே இறங்குகிறார். நீங்கள் பார்த்து, பிரேக்கை நினைத்து, கை அமுக்குவதற்குள் அந்த ஒரு நொடி போய்விடும். வண்டியோடும் சாப்பாட்டு மூட்டையோடும் நூறு கிலோவுக்கு மேல் எடை அவர் மேல் வந்து விழும். அதுவும் சத்தமே இல்லாமல் வரும் வண்டி. ஜப்பானில் 2023 ஜூலை முதல் நின்றுகொண்டு ஓட்டும் மின்சார ஸ்கூட்டரைச் சில நடைபாதைகளில் அனுமதித்தார்கள், எந்த வேகத்தில் தெரியுமா? 6 கிலோமீட்டர். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே போக வேண்டும். சைக்கிள்காரர்களின் சொர்க்கம் என்கிற ஆம்ஸ்டர்டாமில், உங்களுடையது போல 25 கிலோமீட்டர் கட்டுப்பாடு உள்ள வண்டிகளை 2019-இல் சைக்கிள் பாதையை விட்டே ரோட்டுக்கு இறக்கிவிட்டார்கள். நடைபாதை அங்கே பேச்சுக்கே இல்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, தம்பி. நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் யாரோ ஒருவர் உங்கள் கூலியில் கை வைப்பார் என்று தெரியும். அந்த நெருக்கடியை இட்லி வாங்கப் போகும் பாட்டி தலையில் கட்டாதீர்கள்.

திருவாரூர்ப் பக்கம், வெட்டாற்றங்கரைக் கிராமம் எங்களுடையது. நடப்பதற்காகக் கட்டிய ஐந்தடி அகலப் பாலம் ஒன்று உண்டு. புல்லுக்கட்டோடு பெண்கள், பள்ளிக்கூடத்துச் சைக்கிள்கள், பால் கேனோடு பைக்குகள், எல்லாம் அதில்தான். நடுவில் இரும்புக் குழாய் நட்டோம், ராத்திரியோடு ராத்திரியாக யாரோ அறுத்துவிட்டார்கள். தினமும் சண்டை. என்ன செய்யலாம்?
– ஒரு விவசாயி

ஐயா, டவுன் நடைபாதைக்குச் சொன்ன சட்டத்தை இங்கே தூக்கிக்கொண்டு வரமாட்டேன். வண்டிப் பாலம் எங்கோ மூன்று நாலு மைலுக்கு அப்பால் இருக்கும்போது, பால்காரரிடம் "சுற்றிப் போ" என்று சொல்வதற்கு யாருக்கு மனசு வரும்? பால் திரிந்துவிடும்.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். இந்தச் சண்டை வருஷம் முழுக்கவா நடக்கிறது? கோடையில் ஆறு வறண்டு கிடக்கும்போது பைக்குகள் கரையிறங்கி மணலில் தடம் போட்டு அக்கரை போய்விடும், பாலத்தை யாரும் சீண்டமாட்டார்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, கல்லணை வந்து, வெண்ணாற்றில் இறங்கி, தென்பெரம்பூரில் பிரிந்து வெட்டாற்றில் தண்ணீர் புரண்டு வந்ததும், ஆற்றுக்குள் போன வண்டியெல்லாம் பாலத்துக்கு மேல் ஏறும். அதே சமயம்தான் நாற்றங்கால், உழவு, நடவு. நடவுக்குப் போகும் பெண்களும் உர மூட்டை ஏற்றிய பைக்கும் ஒரே நேரத்தில் பாலத்தில். சாகுபடிக்கும் சண்டைக்கும் ஒரே பருவம். ஆக, உங்களுக்குத் தேவை அந்த ஏழெட்டு மாதத்துக்கான ஏற்பாடு.

அந்த ஏற்பாடு உங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது, பாலத்துக்கு முன்னால் வரை வந்து நின்றுவிட்டது. வரப்பில் நாற்றுமுடிக் கூடையோடு ஒருவர் எதிரே வந்தால் என்ன செய்வீர்கள்? வெறுங்கையோடு வருபவர் சேற்றில் காலை வைத்து வழி விடுவார். அவர் பண்ணையாராக இருந்தாலும் சரி. வேட்டி நனையுமே என்று நின்றால் ஊர் சிரிக்கும். தலைச்சுமைக்காரரால் திரும்பவும் முடியாது, குனியவும் முடியாது, அவர் கண்ணுக்குக் கால் தெரியாது. அந்த நியாயத்தைப் பாலத்துக்கும் கொண்டுவாருங்கள். தலையில் சுமையோடு பாலத்தில் ஒருவர் கால் வைத்துவிட்டால், அவர் அக்கரை சேரும் வரை எதிரே வண்டி ஏறக் கூடாது. அடுத்தது நடந்து வருபவர். சைக்கிள் உருட்டிக்கொண்டு. பைக் என்றால் இன்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு திசை.

பால்காரர் வாதம் பண்ணுவார், "நானும் சுமையோடுதானே வருகிறேன்?" என்று. வருகிறார், ஆனால் சுமப்பது வண்டி. அவர் கழுத்து இல்லை. பாலத்து முனையில் இரண்டு நிமிஷம் நிற்கலாம்.

குழாய் நட்டது பற்றி ஒரு வார்த்தை. யாரையும் கேட்காமல் நட்டால் யாரையும் கேட்காமல்தான் அறுப்பார்கள். கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு கூட்டம் இருக்கிறது. தண்ணீர் வருவதற்கு முன்னால் வரும் மே 1 கூட்டம் இதற்குத் தோதானது. ஒரே தீர்மானத்தில் இரண்டையும் எழுதுங்கள்: பாலத்தில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற ஊர்க் கட்டுப்பாடு, வண்டிப் பாலம் வேண்டும் என்ற கோரிக்கை. முதலாவதற்குப் பால்காரரையும் கையெழுத்துப் போட வையுங்கள். இரண்டாவது வேண்டும் என்பதற்காகவே போடுவார்.

மன்னார்குடியில் ஹரித்ரா நதி என்கிற குளத்தின் கரையில் காலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். நடைப்பயிற்சிக்காரர்கள் நாலு பேர் கைகோத்த மாதிரி வரிசையாக வருகிறார்கள், காதில் இயர்போன். கூப்பிட்டாலும் கேட்பதில்லை. அவர்களுக்கு யார் சொல்வது?
– மன்னார்குடி

நான் சொல்கிறேன். ஐயாமார்களே, அம்மாமார்களே, வாழைக்கட்டை விலையையும் மருமகள் கதையையும் இரண்டு இரண்டு பேராகப் போயும் பேசலாம். ஒரு காதையாவது திறந்து வையுங்கள். உரிமை உங்களுடையது என்பதற்காகக் குளக்கரையைப் பட்டா போட்டுக்கொள்ள வேண்டாம்.

சைக்கிள்காரரே, உடம்பு வேர்க்க வேகமாக ஓட்ட வேண்டும் என்றால் அந்த நேரத்தில் ரோடு காலியாகத்தானே கிடக்கிறது?

நடைபாதை பூராவும் கடை. பூக்காரி, பழக்காரர், செருப்பு தைப்பவர். அவர்களை விரட்டாமல் ஸ்கூட்டரைப் பற்றிப் பேசுவது என்ன நியாயம்?
– கும்பகோணம்

பூக்காரம்மா உட்கார்ந்திருப்பது மூன்றடி. அவருக்குப் பின்னால் உள்ள பாத்திரக்கடை வெளியே அடுக்கியிருக்கும் அண்டா குண்டான் பத்தடி. உங்கள் கண்ணில் மூன்றடிதான் பட்டிருக்கிறது. தெரு வியாபாரிகளுக்கு 2014-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. நகர விற்பனைக் குழு அமைத்து, கணக்கெடுத்து, இடம் காட்டிச் சான்று கொடுக்க வேண்டும், அதைச் செய்யாமல் விரட்டக் கூடாது. அண்டாவுக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. முதலில் அது உள்ளே போகட்டும்.

புகார் கொடுத்தால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். யாரிடம்தான் கொடுப்பது?
– திருவாரூர்

வண்டி ஓட்டினால், நிறுத்தினால், போக்குவரத்துக் காவல். கடைச் சரிவு, ஆக்கிரமிப்பு, உடைந்த ஸ்லாப் என்றால் உள்ளூர்த் தெருவுக்கு நகராட்சி அல்லது மாநகராட்சி. சிக்கல் எங்கே என்றால், டவுனுக்கு நடுவே போகும் பெரிய ரோடுகள் பல நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். அங்கே நகராட்சியில் மனு கொடுத்தால் அது அலமாரியில் தூங்கும். முதலில் அந்த ரோடு யாருடையது என்று நகராட்சிப் பொறியியல் பிரிவில் கேளுங்கள், ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். தெரியாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், எந்தத் துறைக்கு என்று அவர்களே பிரித்து அனுப்பி எண் போட்டுத் தருவார்கள்.

மனுவில் "நடக்கவே முடியவில்லை" என்று எழுதாதீர்கள். "இன்ன கடைக்கும் இன்ன கடைக்கும் நடுவே ஸ்லாப் உயரம் ஒன்றரை அடி, சரிவுகள் ஆறு, நடக்கக் கிடைக்கும் அகலம் இரண்டடி" என்று அளந்து எழுதுங்கள். போட்டோ ஒன்று வையுங்கள், பக்கத்தில் டேப்பைப் பிடித்து எடுத்தது. புலம்பலுக்கு "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் போட்டு முடித்துவிடலாம். அளவு எழுதிய மனு வந்தால், ஓவர்சியர் டேப்போடு கிளம்பித்தான் ஆக வேண்டும்.